வெள்ளைச் சோறு ஏன் சிவந்தது?

ஒரு டிவிடியின் நிறத்துக்காக ஜப்பானில் நடந்த வழக்கும், வளரும் பிள்ளைகளின் கதைகள் வீட்டுத் திரைக்கு வரும்போது இழப்பவையும்

2002 ஜூலை 19. ஜப்பான் முழுவதும் கடைகளில் ஒரே படத்தின் டிவிடியும் வீடியோ கேசட்டும் மலைபோல் அடுக்கப்பட்டிருந்தன. ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’. முந்தைய ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி திரைக்கு வந்து, 2 கோடியே 30 லட்சத்துக்கும் அதிகமானோரைத் தியேட்டருக்கு இழுத்த படம். 3,000 கோடி யென்னைத் தாண்டிய அதன் வசூல், ஜப்பானில் ‘டைட்டானிக்’ வைத்திருந்த சாதனையை முறியடித்திருந்தது. 2002 பிப்ரவரியில்தான் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதையும் வென்றிருந்தது. தியேட்டரில் பார்த்தவர்கள் மறுபடி பார்க்க வாங்கினார்கள். பார்க்காதவர்கள் பிள்ளைகளுக்காக வாங்கினார்கள்.

வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தவர்களில் பலர் முதலில் தங்கள் டிவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். படம் முழுக்க லேசான சிவப்பு படர்ந்திருந்தது. வானம் மங்கி, மேகம் ரோஜா நிறத்துக்குப் போயிருந்தது. சட்டை, காகிதம், சோறு என்று வெள்ளையாக இருக்க வேண்டிய எதுவும் வெள்ளையாக இல்லை. சாயம் போகும் சிவப்புத் துணியோடு தெரியாமல் ஊறவைத்துவிட்ட வேட்டியைப் போல இருந்தது படம்.

டிவியில் கோளாறு இல்லை என்பதற்கான சாட்சி அதே டிவிடிக்குள் இருந்தது. படத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்த முன்னோட்டக் காட்சிகளில் இந்தச் சிவப்பு கிடையாது. ஒரே காட்சி முன்னோட்டத்தில் ஒரு நிறம், படத்தில் வேறு நிறம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

புகார்கள் குவிந்தன. டிவிடியை வெளியிட்டது டிஸ்னியின் வீடியோ பிரிவான புவேனா விஸ்டா. படத்தை உருவாக்கியது ஸ்டூடியோ ஜிப்லி. வந்த பதிலின் சாரம் இதுதான்: இது தவறு இல்லை, தெரிந்தே செய்த நிறத் திருத்தம். தியேட்டரில் கிடைத்த உணர்வை வீட்டு டிவியிலும் கொண்டுவருவதற்காகச் செய்யப்பட்டது.

சமாதானம் ஆகாத சில வாடிக்கையாளர்கள் கியோட்டோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். ஒரு கார்ட்டூன் படம் சிவப்பாக இருக்கிறது என்று வழக்கா என்று கேட்கத் தோன்றலாம். அந்தப் படத்தில் நிறம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பத்து வயதின் நிறங்கள்

படத்தின் நாயகி சிஹிரோவுக்குப் பத்து வயது. நண்பர்களின் பத்து வயது மகள்களை மனதில் வைத்து மியாசாகி உருவாக்கிய பாத்திரம். படம் தொடங்கும்போது அவள் காரின் பின்சீட்டில் சரிந்து படுத்திருக்கிறாள். கையில் பள்ளித் தோழிகள் கொடுத்த பூங்கொத்து. பழைய ஊரை விட்டு வருகிற எரிச்சல் முகமெல்லாம் அப்பிக் கிடக்கிறது. வெளியே வெயில் அடிக்கும் சாதாரணப் பகல். மந்திரம் எதுவும் இல்லாத வெளிச்சம் அது.

வழி தவறி நுழைந்த இடத்தில் அந்தி சாய்ந்ததும் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அப்பாவும் அம்மாவும் பன்றிகளாக மாறிக் கிடக்கிறார்கள். யுபாபா என்கிற கிழவி நடத்தும், தெய்வங்கள் குளிக்க வரும் மாபெரும் குளியல் விடுதியில் சிஹிரோ வேலைக்குச் சேர்கிறாள். பாலமும் தூணும் சுவரும் அங்கே சிவப்பு. அவளுக்குக் கொடுக்கும் வேலை உடுப்பும் செம்மை கலந்ததுதான். பேராசை, பசி, பணம், உழைப்பு எல்லாம் கொதிக்கும் அந்த இரவு உலகத்துக்கு மியாசாகி கொடுத்த நிறம் சிவப்பு.

அந்தச் சிவப்பு நம்மை மிரட்ட வேண்டுமானால், அதற்கு முன்பு வந்த பகல் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். டிவிடியில் பகலும் சிவந்துவிட்டது. காரில் வரும்போதே படம் விடுதியின் நிறத்துக்குப் பாதி போய்விட்டால், சிஹிரோ எந்த உலகத்திலிருந்து எந்த உலகத்துக்குள் நுழைந்தாள் என்பதே மங்கிவிடுகிறது.

இன்னொரு காட்சி. விடுதியில் முதல் இரவைக் கழித்த சிஹிரோவை மறுநாள் காலை ஹாக்கு என்ற சிறுவன் பெற்றோரைப் பார்க்க அழைத்துப் போகிறான். தொழுவத்தில் பன்றிகள் தூங்குகின்றன. வெளியே ஓடி வந்து உட்கார்ந்தவளிடம் அவன் சோற்று உருண்டையை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறாள். வற்புறுத்தவும் ஒரு வாய் கடிக்கிறாள். இரண்டாவது வாய்க்குள் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. பெரிய பெரிய சொட்டுகளாகக் கண்ணீர் உருள, அழுதுகொண்டே தின்கிறாள். அதுவரை பயத்தில் இறுகியிருந்த குழந்தை முதன்முதலாக உடைந்து, உடைந்ததாலேயே தெம்பு பெறும் இடம் அது. சுற்றிலும் செடியும் பூவும், காலை வெளிச்சம், ஹாக்குவின் வெள்ளைச் சட்டை, கையில் வெள்ளைச் சோறு. சிவப்பு விடுதியிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு அவளுக்குக் கிடைத்த விடுதலையை அந்த வெள்ளைதான் சொல்கிறது. அந்தச் சோற்றை இளஞ்சிவப்பாக்கி விற்றால் வசனம் மாறுவதில்லை, கதை மாறுவதில்லை. காட்சியின் உயிர் குறைந்துபோகிறது.

படம் நெடுகிலும் இப்படி வெள்ளைகள் வருகின்றன. ஹாக்கு டிராகனாக மாறும்போது அவன் உடல் வெள்ளை. அவனைத் துரத்திக் கிழிக்கும் காகிதப் பறவைகள் வெள்ளை. பேசத் தெரியாமல் பின்னாலேயே வரும் முகமற்ற உருவத்தின் முகமூடியும் வெள்ளைதான். ஒரு டிவிடியின் நிறத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

இரண்டு வெள்ளைகள்

ஜிப்லியின் விளக்கத்தை வெறும் சால்ஜாப்பு என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு மெய்யான சிக்கல் இருக்கிறது.

வெள்ளை என்பது எல்லாத் திரையிலும் ஒன்றில்லை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவில் குறிப்பார்கள். எண் குறைந்தால் மஞ்சளும் சிவப்பும் தூக்கலாக இருக்கும். எண் ஏறினால் நீலம் கூடும். தியேட்டரின் செனான் விளக்கு தருகிற வெள்ளை சுமார் 5,500 கெல்வின். அமெரிக்காவும் ஐரோப்பாவும் டிவிக்கு வைத்துக்கொண்ட தரம் 6,500. ஜப்பானிய டிவிகள் நெடுங்காலமாகப் பின்பற்றியதோ 9,300 கெல்வின். நல்ல நீலம் பாய்ந்த வெள்ளை அது. தியேட்டரில் இதமாகத் தெரிந்த படத்தை அப்படியே அந்த டிவியில் ஓட்டினால் வெளிறி, குளிர்ந்துபோய்த் தெரியும். அதைச் சரிக்கட்ட முன்கூட்டியே சிவப்பைக் கூட்டி வைத்தால் வீட்டிலும் தியேட்டர் நிறம் கிடைக்கும் என்று எண்ணுவதில் தர்க்கம் இருக்கிறது.

தர்க்கம் உடைந்த இடம் வீடுதான். ஒவ்வொரு வீட்டு டிவியும் ஒவ்வொரு விதம். கணினியில் பார்த்தவர்கள் இருந்தார்கள், புரொஜெக்டர் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். டிவியின் நிறத்தைத் தரப்படி திருத்தி வைத்திருந்தவர்களுக்குச் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. படத்தை மதித்து நல்ல கருவிக்குச் செலவு செய்தவர்தான் அதிகம் ஏமாந்தார்.

இன்னொன்றும் உண்டு. 1999-இல் வந்த ‘மை நெய்பர்ஸ் தி யமடாஸ்’ படத்திலிருந்து ஜிப்லி செல்லுலாய்டுத் தாளில் வண்ணம் பூசுவதை விட்டுக் கணினிக்கு மாறியிருந்தது. ‘ஸ்பிரிட்டட் அவே’யின் ஒவ்வொரு நிறமும் கணினியில் எண்களாகவே பதிந்திருந்தது. பிலிம் பழசாகிச் சாயம் வெளுத்துவிட்டது என்று காரணம் சொல்ல வழியில்லை. ஆனால் பெரும்பாலான மக்கள் தியேட்டரில் பார்த்தது அந்த எண்களை அல்ல. அவற்றிலிருந்து எடுத்த 35 மி.மீ. பிரிண்டை, செனான் விளக்கின் வெளிச்சத்தில். அப்படியானால் அசல் எது? கணினியில் இருந்த நிறமா, திரையில் விழுந்த நிறமா? இந்தக் கேள்விக்கு நேர்மையான இரண்டு பதில்கள் சாத்தியம். அதனால்தான் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ‘வீட்டுத் திரைக்காக நிறம் திருத்தப்பட்டது’ என்று அட்டையில் ஒரு வரி இருந்திருந்தால் கோர்ட் வாசல் வரை போயிருக்காது.

வழக்கு 2004-இல் சமரசத்தில் முடிந்தது. சிவப்பு டிவிடி கடைகளில் தொடர்ந்தது. 2014 ஜூலையில் ஜப்பானில் ப்ளூ-ரே வந்தபோதுதான் சிவப்பு விலகியது. அதோடு புதிதாகத் தயாரித்த டிவிடியும் வந்தது. சோறு வெளுத்தது, வானம் நீலமானது. இடையில் ஓடியது பன்னிரண்டு ஆண்டுகள். 2002-இல் சிஹிரோவின் வயதில் அந்த டிவிடியைப் பார்த்த ஒரு ஜப்பானியச் சிறுமிக்கு, சரியான நிறம் கடைக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மிச்சியோ யசுடா. 1939-இல் பிறந்தவர். தோயி அனிமேஷன் ஸ்டூடியோ காலத்திலிருந்தே மியாசாகிக்கும் ஜிப்லியின் இன்னொரு இயக்குநரான இசாவோ தகஹாதாவுக்கும் உடனுழைப்பாளி. ஜிப்லி படங்களில் இன்ன பாத்திரத்துக்கு இன்ன நேரத்தில் இன்ன நிறம் என்று தீர்மானித்தவர். பகலில் ஒரு சட்டை, அதே சட்டை நிழலில், விளக்கடியில், தண்ணீருக்குள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வண்ணம் வகுக்க வேண்டிய வேலை அது. 2016 அக்டோபரில் காலமானார். அவர் பெயர் நம் ஊரில் பரவலாகத் தெரியாது. ஒரு டிவிடியின் நிறம் ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தால், கலைந்துபோவது இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு பிரேமிலும் எடுத்த முடிவுகள்தான்.

பூனை பேசியதா, இல்லையா?

தரம் என்றதும் படத்தின் துல்லியத்தை மட்டுமே நினைக்கிறோம். வீட்டு வெளியீட்டில் இன்னும் ஆழமான கைவைப்புகள் நடந்திருக்கின்றன.

ஜிப்லி இந்த விஷயத்தில் முன்பே சூடு கண்டது. மியாசாகியின் ‘நாசிகா’ 1985-இல் அமெரிக்காவில் வேறு பெயரில், இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டப்பட்டு வெளியானது. அதற்குப் பிறகு வெட்டு கூடாது என்பதில் ஜிப்லி பிடிவாதமாக நின்றது. 1996-இல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டபோதும் அந்தப் பிடிவாதம் தளரவில்லை. வெட்டத்தான் முடியாது, ஆனால் சேர்க்கலாமே! 1989-இல் வந்த ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ படத்துக்கு அதுதான் நேர்ந்தது.

கிகி பதின்மூன்று வயது சூனியக்காரி. குல வழக்கப்படி வீட்டை விட்டுத் தனியாகப் போய், முன்பின் தெரியாத நகரத்தில் பிழைக்கிறாள். துணைக்கு ஜிஜி என்ற கறுப்புப் பூனை. பூனை பேசுவது அவளுக்குப் புரியும். நடுவில் அவள் மனம் தளர்கிறது; பறக்கும் ஆற்றல் போகிறது; பூனையின் பேச்சும் வெறும் ‘மியாவ்’ ஆகிவிடுகிறது. கடைசியில் அவள் மீண்டும் பறக்கிறாள். பூனையின் பேச்சு மட்டும் திரும்புவதில்லை. ஜப்பானிய மூலத்தில் ஜிஜி முடிவில் பேசாது. குழந்தைப் பருவத்தின் ஒரு துணை போய்விட்டது, அதை விட்டுவிட்டு அவள் வளர்ந்துவிட்டாள். முழுப் படத்தின் பாரமும் அந்த மௌனத்தில் இருக்கிறது.

1998-இல் டிஸ்னி வெளியிட்ட ஆங்கில வீடியோவில் பூனை முடிவில் பேசியது. ஜிஜிக்குக் குரல் கொடுத்த நகைச்சுவை நடிகர் பில் ஹார்ட்மேனின் கூடுதல் வசனங்கள் படம் நெடுகிலும் சேர்ந்தன. மூலத்தில் அமைதியாக இருந்த இடங்களில் இசை நிரப்பப்பட்டது. தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் மாறின. ஒரு பிரேம்கூட வெட்டப்படவில்லை. ஆனாலும் வளர்ந்துவிட்ட ஒரு பெண்ணின் கதை, எல்லாம் பழையபடி ஆகிவிட்ட ஒரு பெண்ணின் கதையாகிவிட்டது. 2010-இல் வந்த புதிய டிவிடியில் இந்தச் சேர்க்கைகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. பூனையும் முடிவில் மௌனமானது. சிவந்த சோற்றைவிட இது பெரிய பிழை என்றே சொல்ல வேண்டும். நிறம் மாறினால் கண் கண்டுபிடித்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்த ஒரு குழந்தைக்கு, பூனை பேசியிருக்கக் கூடாது என்று எப்படித் தெரியும்?

தகஹாதாவின் ‘ஒன்லி எஸ்டர்டே’ கதை வேறு. 1991-இல் வந்த படம். இருபத்தேழு வயது டயெகோ, தான் ஐந்தாம் வகுப்பு படித்த 1966-ஐ நினைத்துப் பார்க்கிறாள். நிகழ்காலக் காட்சிகள் ஓரம் வரை முழுமையாகத் தீட்டப்பட்டவை. நினைவுக் காட்சிகளிலோ பின்னணி நீர்வண்ணம்போல் வெளிறி, ஓரங்களில் வெறும் வெள்ளையாகக் கரைந்துவிடும். மறந்துபோனது வரையப்படவில்லை. டிவியில் பிரகாசத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் அந்த மெல்லிய ஓரங்கள் பொசுங்கிவிடும். அமெரிக்கத் தியேட்டர்களுக்கும் அங்கத்திய ப்ளூ-ரேக்கும் இந்தப் படம் வந்து சேர்ந்தது 2016-இல். கால் நூற்றாண்டுத் தாமதம்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. கியோட்டோ அனிமேஷனுக்காக நவோக்கோ யமடா இயக்கிய ‘எ சைலன்ட் வாய்ஸ்’ 2016-இல் வெளியானது. காது கேளாத சிறுமியைப் பள்ளியில் கொடுமைப்படுத்திய பையன், வளர்ந்த பிறகு அவளைத் தேடிப் போகும் கதை. படத்தின் ஓரங்களில் உருவங்களின் விளிம்பு நிறம் பிரிந்து மங்கலாகத் தெரியும். டிஸ்க் கோளாறு என்று முதலில் தோன்றலாம். அது யமடா வேண்டுமென்றே வைத்தது. மலிவான லென்ஸ் வழியாகப் பார்ப்பதுபோன்ற நெருக்கம். இசையிலும் இப்படித்தான். இசையமைப்பாளர் கென்சுகே உஷியோ பியானோவுக்குள்ளேயே மைக்கை வைத்து, சுத்தியல் தட்டும் சத்தத்தையும் மிதி அழுந்தும் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்தார். ‘இரைச்சல்’ என்று யாராவது துடைத்துவிட்டால் படத்தின் பாதி போய்விடும். ஆகவே ‘இது எங்கள் நோக்கம்’ என்று படைப்பாளி சொல்வதை எடுத்த எடுப்பிலேயே மறுப்பது நியாயமில்லை. யமடாவின் மங்கல் தியேட்டரிலும் இருந்தது, வீட்டிலும் இருந்தது. சிஹிரோவின் சிவப்பு வீட்டுக்கு மட்டும் வந்தது. வேறுபாடு அங்கே இருக்கிறது.

நம் வீட்டுக்கு வரும்போது

டிவிடி காலத்தில் இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்திய பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 பிரேம். சினிமா எடுக்கப்படுவது 24-இல். பால் டிவிடிக்காகப் பெரும்பாலும் படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். 125 நிமிட ‘ஸ்பிரிட்டட் அவே’ அப்படி ஓட்டினால் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் வெட்டப்படாமலேயே ஐந்து நிமிடம் காணாமல் போகும். ஜோ ஹிசைஷியின் இசையும் துரிதமாகிவிடும். சிஹிரோ தண்ணீருக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து பேசாமல் போகும் அந்தக் காட்சி, திரையுலகமே கொண்டாடும் நிதானம் கொண்டது. அதிலும் நூற்றுக்கு நான்கு பங்கு அவசரம் கலந்துவிடும்.

ப்ளூ-ரே இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 24 பிரேமை அப்படியே தாங்கும். பால் டிவிடியின் 720-க்கு 576 புள்ளிகள் 1920-க்கு 1080 ஆயின. முடிவில் சிஹிரோ திரும்பிப் பார்க்கும்போது அவள் கூந்தலைக் கட்டியிருக்கும் கயிறு ஒரு கணம் மின்னும். நடந்ததெல்லாம் கனவில்லை என்பதற்கு அவளிடம் மிஞ்சிய ஒரே சான்று அது. அவ்வளவு சின்ன மினுக்கு சரியாகத் தெரிய இந்தத் துல்லியம் வேண்டும். ஆனாலும் ப்ளூ-ரேயிலும் குறை உண்டு. வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி பதிவாகிறது. நிறமோ நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பதிவாகிறது. கேமராவில் எடுத்த படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. கோட்டுச் சித்திரத்தில், சிவப்புப் பரப்பு முடியும் விளிம்பில், உற்றுப் பார்த்தால் கசிவு தெரியும்.

இன்றைக்கு நம் ஊரில் டிஸ்க் வாங்குவோர் அரிது. 2020 பிப்ரவரியிலிருந்து ஜிப்லி படங்கள் இந்தியாவிலும் நெட்ஃபிளிக்ஸில் கிடைக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் சிஹிரோவைச் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான். மியாசாகியின் இன்னொரு படமான ‘டோட்டோரோ’வைத் தங்கள் பிள்ளைகள் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்ன பெற்றோர்களிடம் அவர் மகிழ்ச்சி காட்டியதில்லை. எப்போதாவது ஒருமுறை பார்த்தால் போதும் என்பது அவர் எண்ணம். அப்படி ஒருமுறை பார்க்கும்போதாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும் அல்லவா?

அதற்குக் காசு செலவில்லை. கடையிலிருந்து வரும் டிவி பெரும்பாலும் ‘விவிட்’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ அமைப்பில் இருக்கும். நீலம் தூக்கலாக, நிறங்கள் கத்தும். அதை ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாற்றுங்கள். நிறச் சாயலை ‘வார்ம்’ என்று வையுங்கள். முதல் பத்து நிமிடம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகியதும் அதுதான் இயல்பு என்று புரியும். அடுத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஜப்பானிய அனிமேஷனில் ஓர் ஓவியம் இரண்டு அல்லது மூன்று பிரேம்களுக்கு அப்படியே நிற்கும். அந்த நிறுத்தமும் ஓவியர் கணக்கிட்டுப் போட்டதுதான். நடுவே இல்லாத ஓவியத்தை டிவி தானாக உண்டாக்கிச் செருக வேண்டியதில்லை. கடைசியாக, மொழித் தேர்வில் ஜப்பானிய ஒலியைப் போட்டு, வசனத்தை எழுத்தில் வையுங்கள். படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்.